இரண்டு ஏரோப்ளேனும் ஓர் இட்டேரியும்

ஆகாயத்தில் இரண்டு ஏரோப்ளேன்கள் முட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், தோட்டத்து அக்கா சொன்ன பதிலைத்தான் நான் இன்றைக்கும் சொல்வேன். “கூரைமேல ஆட்டுக்குட்டி குதிச்சாப்பல இருந்துச்சுங்க. என்னன்னு மேல பாக்கறதுக்குள்ள தட்டுப்போருக்குள்ள உக்காந்திருக்கறேன்” என்றார். அந்தச் சங்கதியில் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பதுபோலச் சேலையில் ஒட்டியிருந்த சோளத்தட்டைத் தட்டிவிட்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கு அதற்குமேல் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் அந்த இரண்டையும் முட்டவிட்டவன் நான். யாரும் சாகவில்லை, யாருக்கும் கை கால் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்களும் நிம்மதியாகப் படிக்கலாம், நானும் நிம்மதியாகச் சொல்லலாம்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக ஒரு பார வண்டியும் ஒரு ஜோடிக் காளையும் வைத்திருந்தேன். சுற்றுவட்டாரக் காடுகளில் எடுத்த பருத்தியைப் பொதி பொதியாகக் கோயமுத்தூர் ஜின்னிங் பேக்டரிக்குக் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். பள்ளிக்கூடம் போனதில்லை. பொதிமேல் மையால் எழுதிய எழுத்தையும், சுவரில் ஒட்டிய பயாஸ்கோப் நோட்டீஸையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். மற்றப் படிப்பெல்லாம் காது வழியாக வந்ததுதான். வழியில் யாராவது வண்டியில் ஏறிக்கொண்டால் எனக்குக் கொண்டாட்டம். அவர்கள் இறங்கின பிறகும் அவர்கள் சொன்ன சொல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் காடு என்றால் யானை உலவுகிற காடு அல்ல. மழையை நம்பி விதைக்கிற நிலம். அந்தக் காடுகளுக்கு நடுவே இட்டேரி என்று வண்டிப்பாதை ஓடும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்று வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். எங்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. வெறும் வண்டி ஒதுங்கும், பார வண்டி போகும். வெறும் வண்டிக்காரன் இறங்கி, மாட்டை அவிழ்த்து, வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, வேலி அகன்று கிடக்கிற மூலைவரைக்கும் போய் நிற்பான். யார் முந்தி வந்தது, யார் பெரிய மனிதர் என்ற பேச்சே கிடையாது. மெத்தை போட்ட சவாரி வண்டியில் வருகிறவரும், எதிரே குப்பை ஏற்றின வண்டி வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி ஒதுங்கி நின்ற ஒரு பெரிய பண்ணையக்காரர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே, “போங்க சாமி, போங்க. உங்க வண்டியில இருக்கறதுதான் எனக்கு அடுத்த வருசத்துச் சோறு” என்று குப்பை வண்டிக்காரரிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இந்த வழக்கம் என் கையில் ஊறிப்போயிருந்தது. அதுதான் அன்றைக்கு என்னைக் காலை வாரிவிட்டது.

அந்த வருஷம் மாசி மாதம் இரண்டு ஏரோப்ளேன்கள் வந்தன. ஊர் ஊராகப் போய் ஜனங்களை ஏற்றி ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிற கம்பெனி. சிங்காநல்லூருக்கு வடக்கே, சோளம் அறுத்துவிட்டுக் கட்டாந்தரையாகக் கிடந்த ஒரு காட்டைப் பிடித்துக் கல்லும் கட்டையும் பொறுக்கி, அதைத் தங்கள் நிலையம் ஆக்கிக்கொண்டார்கள். பெரிய ஏரோப்ளேனில் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை உண்டு. அதில் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுகிறவர் அவர்களுக்குப் பின்னால், வெளியே தலை தெரிய, உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அதை ஓட்டினவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சின்ன ஏரோப்ளேனில் அறை கிடையாது. முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. ஆளுக்கொரு குழியில் இரண்டு பேர். அதை ஓட்டினவர் சென்னைப் பட்டணத்துப் பிள்ளை. மீசை அப்போதுதான் கறுத்துக்கொண்டிருந்தது.

நான் ரயிலடியிலிருந்து பெட்ரோல் டின்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கப் போனவன். காட்டின் இந்தக் கோடியிலிருந்து நான் மாட்டை அதட்டினால் அந்தக் கோடிக்குக் கேட்கும். அதைப் பார்த்த துரை, இந்த ஆளைக் கொடி பிடிக்கப் போடலாம் என்று சொல்லிவிட்டார். கொடிக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செ‌ன்னிமலைத் துப்பட்டியில் கிழித்த ஒரு வெள்ளைக் கொடி, கோயில் தோரணத்தில் மிஞ்சின ஒரு சிவப்புக் கொடி. இரண்டையும் என் கையில் கொடுத்தார்கள்.

பட்டணத்துத் தம்பிதான் எனக்குப் பாடம் சொன்னார். “அண்ணே, நல்லாக் கேட்டுக்கோங்க. மேல இருக்கறவன் நின்னு காத்துக்கிட்டிருக்க முடியாது. வேகம் குறைஞ்சா விழுந்துடுவான். அதனால இறங்கறவனுக்குத்தான் முதல் வழி. நான் இறங்க வர்றப்ப தரையில இன்னொண்ணு நின்னா, முதல்ல அதுக்குச் சிவப்புக் காட்டி நிறுத்துங்க. அது நின்னதும் சிவப்பை இறக்கிட்டு எனக்கு வெள்ளை. ஒரு நேரத்துல ஒரு கொடிதான் மேல இருக்கணும்.”

“நீங்களே பாத்து ஒதுங்கிக்க மாட்டீங்களாங் தம்பி?”

“அதான் முடியாது. ஏரோப்ளேன் மூக்கு உசந்து நிக்குதா? அது எங்க கண்ணை மறைச்சுடும். நேர் முன்னாடி, நேர் கீழே என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. உங்க கையைப் பாத்துத்தான் நாங்க போறோம்.”

பிறகு சட்டைக்குள் கையை விட்டு, தோலுறை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய லைசென்ஸ். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்ததாம். “இதுல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாக்கூட என்னைத் தரையில உக்கார வெச்சுடுவாங்க. அப்புறம் எங்கப்பா மண்டியில மிளகா வத்தல் நிறுக்க வேண்டியதுதான். அந்த நெடியிலேருந்து தப்பிக்கத்தாண்ணே நான் ஆகாயத்துக்கே போனேன்” என்று சிரித்தார்.

எனக்கு எல்லாம் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. ஆனால் எனக்குப் புரிந்து என்ன? கைக்கும் புரிய வேண்டாமா?

மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிற்று. ஜனம் திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்தது. இறங்கி வந்த ஒவ்வொருவரையும் நான் விடாமல் பிடித்துக்கொண்டு, மேலே எப்படி இருந்தது என்று கேட்பேன். “மதுக்கரைப் புகைக்குளாயி ஊதுவத்தியாட்டம் நிக்குதுங்க” என்றார் ஒருவர். “கோயமுத்தூரு அத்தனையும் தோசைக்கல்லுல ஊத்துன மாவாட்டம் கெடக்குது” என்றார் இன்னொருவர். ஒரு மாப்பிள்ளை மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “என்ற மாமனாரு காடு எத்தனை சின்னதுன்னு இப்பத்தானுங்க தெரிஞ்சுது” என்றார்.

அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தோட்டத்திலேயே குடியிருந்தார். அவரை நான் அண்ணன் என்றும், அவர் சம்சாரத்தைத் தோட்டத்து அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணன் முதல் நாளே ஏறி இறங்கிவிட்டார். அக்கா மூன்று நாளும் வேலி ஓரத்தில் நின்று, “நான் ஏணியே ஏறமாட்டேன், இதுல ஏறுவனாக்கும்?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் மத்தியானம் கெட்டிச் சேலை கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

“ஏனுங்க, இது தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகுமா?”

“அந்தப் பக்கமாத் திருப்பச் சொல்றனுங் அக்கா. எதுக்குங்?”

“எங்கண்ணன் கடுதாசி போட்டிருக்கறான். ஆனை வந்து தென்னம்புள்ளை அத்தனையும் தின்னுபோடுச்சாமா. மேல இருந்து பாத்தா நெசமா பொய்யான்னு தெரிஞ்சுபோகுமல்ல?”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவருக்குத் துணையாக ஏறினவர் கோட்டைமேட்டு வளையல்கடை பாய். கையில் குடை. குடை எதற்கு என்று கேட்டதற்கு, “மேகத்துக்குள்ள போறோம், நனைஞ்சா என்ன பண்றது?” என்றார். அக்கா ஒரு காலை உள்ளே வைப்பார், வெளியே எடுப்பார். பாய் பொறுமையாகக் குடைக் கைப்பிடியை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக அக்கா உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்கள். துரை மேலே ஏறி இஞ்சினைக் கிளப்பினார். புழுதி பறந்தது.

சின்ன ஏரோப்ளேன் அப்போது மேலே இருந்தது. இஞ்சினைத் துடைத்து மாட்டிச் சரிபார்க்கிறேன் என்று தம்பி தனியாக எடுத்துக்கொண்டு போயிருந்தார். முன்குழி காலி. நான் காட்டுக்கு நடுவாந்திரத்தில், வடக்கு வேலி ஓரமாக நின்றேன். பெரியது மேற்குக் கோடியில் கிழக்குப் பார்த்துக் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறது. சின்னது அதற்கும் மேற்கே, வேலிக்கு அப்பால், இஞ்சின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சரிந்து இறங்கி வருகிறது. பெரியதின் சன்னலில் அக்காவின் முகம். கண்ணை இறுக மூடியிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார் என்று எனக்குப் பட்டது.

இங்கேதான் என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்தது. ஒரு பாதை. இரண்டு வண்டி. ஒன்றில் ஆள் பாரம், ஒன்று வெறும் வண்டி. என் வலது கை வெள்ளையைத் தூக்கிப் பெரியதுக்குக் காட்டிற்று. இடது கை சிவப்பைத் தூக்கிச் சின்னதுக்குக் காட்டிற்று. கொஞ்சம் ஒதுங்கிக்கங் தம்பி, பாரம் போகட்டும். மனசுக்குள் அப்படிச் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

துரைக்கு வெள்ளை தெரிந்தது, கிளம்பிவிட்டார். தம்பிக்கும் வெள்ளை தெரிந்தது. இறங்குகிறவனுக்குச் சிவப்பு வரும் என்று அவர் எதற்கு எதிர்பார்க்கப் போகிறார்? வெள்ளையைத் தேடினார், வெள்ளை இருந்தது, வந்தார். கீழே உள்ளது மேலே எழும்புகிறது. மேலே உள்ளது கீழே தாழ்கிறது. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் இல்லை. ஜனம் ‘ஓ’வென்று கத்திற்று. காட்டின் கிழக்குப் பாதியில், ஒரு பனை உயரத்தில், சின்னதின் சக்கரம் பெரியதின் மேல் இறக்கையில் உட்கார்ந்தது.

பெரிய இடிச் சத்தம் எதுவும் இல்லை. புதுவேட்டியை நீளமாகக் கிழித்தால் கேட்குமே, அந்தச் சத்தம். ஏரோப்ளேன் இறக்கை மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி மருந்து பூசினது என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். பெரியது அப்படியே தரையில் அமுங்கி, ஒருமுறை துள்ளி, கிழக்கு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் அண்ணன் சோளத்தட்டை அடுக்கி வைத்திருந்த தட்டுப்போரில் பாதி உடம்பைப் புதைத்து நின்றது. நான் கொடிகளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

போரைத் தோண்டிக் கதவைத் திறந்தோம். முதலில் குடை வந்தது. அப்புறம் பாய். “என்னங்க இது, மேகம் வர்றதுக்குள்ள இறக்கிவிட்டுட்டீங்க?” என்றார். பிறகு அக்கா. அவர் சொன்னதைத்தான் தொடக்கத்திலேயே சொன்னேன். துரை நெற்றியில் ஒரு கீறலோடு இறங்கி வந்தார். அப்போதுதான் எல்லாருக்கும் மேலே பார்க்கத் தோன்றியது.

சின்னது சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு சக்கரம் முறிந்து, கோழிக்கால் மாதிரி தொங்கிற்று. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் தாழ வந்தது. நல்ல சக்கரத்தை மட்டும் தரையில் வைத்து, அந்த ஒற்றைக் காலிலேயே எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடிற்று. வேகம் செத்ததும் இறக்கை நுனி தரையில் உரசி, வட்டமாகச் சுழன்று, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முன்னால் இருந்த விசிறி இரண்டாக ஒடிந்தது. தம்பி இறங்கி ஓடி வந்தார். “எல்லாரும் இருக்காங்களா? எல்லாரும் இருக்காங்களா?” இதையே நான்கு தடவை கேட்டார். இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை சட்டைக்குள் போய் அந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

துரை பொய் சொல்லுகிறவர் அல்ல. அவர் பார்த்ததைத்தான் சொன்னார்: எனக்கு வெள்ளை காட்டினார்கள், இவன் சிவப்பை மதிக்காமல் இறங்கினான். வேலி ஓரத்தில் நின்ற ஊரே அதைத்தான் பார்த்திருந்தது. ‘எங்காளு செகப்பை ஆட்டுனாரு, பட்டணத்துப் பையன் கேக்காம வந்து முட்டிட்டான்’ என்று அன்று பொழுது சாய்வதற்குள் பேச்சு முடிந்துபோயிற்று. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினார்கள். அத்தனை பேரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள். அதுதான் சங்கடம்.

சென்னையிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவார் என்று தந்தி வந்தது. அதுவரைக்கும் மூன்று நாள் தம்பி தோட்டத்துப் பருத்தி அறையில் தங்கினார். “நான் வெள்ளையைத்தாண்ணே பார்த்தேன்” என்று என்னிடம் ஒரே ஒருதடவை சொன்னார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நான், “ஆமாங் தம்பி, ஆமாங்” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கிற மாதிரிப் போய்விட்டேன்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ செகப்பு ஆட்டுன. ஊரே பாத்துச்சு. அதோட நிறுத்திக்க. வெள்ளையப் பத்தி வாயத் தொறக்காத. உன்னையப் புடிச்சு உள்ள வெச்சுட்டா உன்ற மாட்டுக்கு யாரு தீனி போடறது?”

எனக்கும் பயம்தான். வாய் ஓயாமல் பேசுகிற நான் அந்த மூன்று நாளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காளைகளே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா தம்பிக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறு ஆக்கி, நெய் விட்டு முன்னால் வைத்தார். அவர் அளைந்துகொண்டிருந்தார். “லைசென்சு போனாப் போகுது, சோத்து மேல என்ன கோவம்? உண்ணுங்க கண்ணு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்த அக்கா, வாசலில் நின்ற என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்:

“நாங்க பாரம், அவரு வெறும் வண்டி. அப்படித்தான உனக்குத் தோணுச்சு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படிங் அக்கா?”

“நானும் இட்டேரியில போறவதான? உன்ற கை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதாக்கும்?” முந்தானையில் கையைத் துடைத்தார். “என்னைய முன்னால உட்டதுக்கு அந்தப் பையன் மொளகா நிறுக்கோணுமா?”

கேட்டுவிட்டு எருமையைக் கட்டப் போய்விட்டார்.

அதிகாரி மறுநாள் காலை ரயிலில் வந்தார். தமிழ் பேசுகிறவர்தான். காக்கிக் காற்சட்டை, தலையில் வெயில் தொப்பி. புளியமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். சிவப்புங்க, சிவப்புங்க, சிவப்புங்க. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் கொடி பிடிச்சவனா? இறங்கி வந்த ஏரோப்ளேனுக்குச் சிவப்புக் காட்டினாயா?”

“காட்டுனனுங்க.”

பின்னால் அண்ணன் மூச்சு விட்டது கேட்டது.

“ஆனாக் காட்டியிருக்கக் கூடாதுங்க” என்றேன். “எறங்கறவருக்குத்தான் மொத வழின்னு தம்பி எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கறாரு. ஒரு நேரத்துல ஒரு கொடிதான்னும் சொன்னாரு. நான் ரெண்டையும் ஒண்ணாத் தூக்கிக் காட்டிப்போட்டேன். அவரு வெள்ளையப் பாத்துத்தான் வந்தாரு. தப்பு என்ற மேலதானுங்க.”

“ஏன் அப்படிச் செய்தாய்?”

“அவரு வெறும் வண்டிங்க. அக்காவும் பாயும் இருந்தது பார வண்டிங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்தப் பையன் இப்படிச் சொல்லச் சொன்னானா?”

“இல்லீங்க!”

“வெறும் வண்டியாம், பார வண்டியாம். ஏரோப்ளேனுக்கும் மாட்டு வண்டிக்கும் என்ன சம்பந்தம்? அவன்மேல் பரிதாபப்பட்டு இட்டுக்கட்டுகிறாய்.”

நான் எவ்வளவோ சொன்னேன். இட்டேரி என்றேன், வேலி என்றேன், மூலை என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சந்தேகம் கெட்டிப்பட்டது. உயிரைக் கொடுத்து உண்மையைச் சொல்லி, அது கதை மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் என்ன செய்ய? அவர் காகிதங்களைக் கட்டி எழுந்துவிட்டார். தம்பி தலை நிமிரவில்லை.

சாயங்கால ரயிலுக்கு அதிகாரியைக் கொண்டுபோய் விட அண்ணன் தன் சவாரி வண்டியைப் பூட்டினார். அண்ணனே ஓட்டினார். ரயிலடியில் எனக்கும் இரண்டு டின் எடுக்க வேண்டியிருந்ததால், நானும் தம்பியும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தோம். இட்டேரியில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே சலங்கைச் சத்தம். வளைவில் ஒரு பருத்தி வண்டி வந்தது; இரண்டு ஆள் உயரத்துக்குப் பொதி. ஓட்டி வந்தவர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு மாட்டை இழுத்துப் பிடித்தார்.

அண்ணன் சவாரி வண்டியிலிருந்து கீழே குதித்தார். “எறங்குங்க சாமி” என்று அதிகாரியிடம் சொல்லிக்கொண்டே மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

“ஏன், என்ன ஆச்சு?”

“பார வண்டி வருதுங்க.”

“அவனைப் பின்னால் போகச் சொல்லுங்கள். நான் ரயிலைப் பிடிக்க வேண்டாமா? சர்க்கார் காரியமாக வந்திருக்கிறேன்.”

“சர்க்காரா இருந்தாலும் நாமொ வெறும் வண்டிதானுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணனுக்கே உறைத்தது. கயிறும் கையுமாக அப்படியே நின்றார். என்னை வாயைத் திறக்க வேண்டாம் என்றவர் அவர்தான். இப்போது அவர் கையே சாட்சி சொல்லிவிட்டது. அதிகாரி வண்டியில் உட்கார்ந்தபடியே அண்ணனைப் பார்த்தார். எதிரே பொதிமேல் உட்கார்ந்து சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரரைப் பார்த்தார். கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு இறங்கினார். நானும் தம்பியும் அண்ணனும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளினோம். அதிகாரியும் ஒரு கையைச் சக்கரத்தில் வைத்தார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டார், அச்சு மை பட்டதும் எடுத்துவிட்டார். வேலி மூலையில் நாங்கள் ஒதுங்கி நிற்க, பருத்தி வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று. போகும்போது வண்டிக்காரர் தொப்பிக்காரரைப் பார்த்து, “வாரனுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரி அங்கேயே, வேலி நிழலில் நின்றுகொண்டே, காகிதக் கட்டை அவிழ்த்தார். “எந்தக் கையில் வெள்ளை பிடிச்சீங்க? மறுபடியும் காட்டுங்க” என்றார். காலையில் ‘நீ’ என்றவர். காட்டினேன். எழுதிக்கொண்டார். தம்பியிடம், “வெள்ளையைத்தான் பார்த்திருக்கிறாய். புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்” என்றார். ஒரே காலையில் பாடம் சொல்லி ஓர் ஆளைக் கொடி பிடிக்க நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்று கம்பெனிக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

“எனக்கு என்னங் தண்டனை?” என்று கேட்டேன்.

“உங்ககிட்டப் பறிக்கிறதுக்கு லைசென்ஸ் ஒன்றும் இல்லையே” என்றவர், கொஞ்சம் யோசித்து, “இனிமேல் ஏரோப்ளேனுக்குக் கொடி பிடிக்காதீங்க” என்றார். அந்தத் தண்டனையை இன்றுவரைக்கும் மீறியதில்லை. அன்றைக்கு அவர் ரயிலைத் தவறவிட்டார். இராத்திரிச் சாப்பாடு தோட்டத்தில்தான். அரிசி பருப்புச் சோற்றை மூன்றுமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம்பி நான்குமுறை.

பழுது பார்க்கச் சாமான் வந்து சேர ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. பெரியதுக்குப் புதுத்துணி கட்டினதும் முதல் ஆளாக அக்கா ஏறினார். இந்தத் தடவை அவருக்குக் குடைக் கைப்பிடி தேவைப்படவில்லை. சொன்னபடி துரை தொண்டாமுத்தூர்ப் பக்கம் திருப்பினார். இறங்கி வந்த அக்காவிடம் கேட்டேன், அவருடைய தொண்டாமுத்தூர் அண்ணன் போட்ட கடுதாசி நிஜமா பொய்யா என்று. “ஆனை வந்தது நெசம். தின்னது பாதிதான்” என்றார். “மீதியக் கெணத்து மறைவுல நட்டு வெச்சிருக்கறான். எனக்கு எளநி குடுக்கோணுமேன்னு அதைச் சொல்லாம மறைச்சுட்டான்.”

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் காலை, அவிநாசி ரோட்டில் பருத்திப் பொதி ஏற்றிக் கோயமுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேறொரு வண்டிக்காரர் தன் வண்டியை முன்னால் விட்டுவிட்டு, பேச்சுத் துணைக்கு என் பொதிமேல் வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ரோட்டுக்கு நேர் மேலே ஓர் இரைச்சல். சின்ன ஏரோப்ளேன். புதுச் சக்கரம், புது விசிறி. அன்றைக்குத்தான் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். புளியமர உயரத்துக்கு நேராக எங்களைப் பார்த்து வந்தது. மாடு மிரளாமல் இருக்க இறங்கி ஓடி, கொம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கிட்டத்தில் வந்ததும் அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. ரோட்டை விட்டு விலகி, புளியமர வரிசைக்கு அப்பால், உழுது போட்டிருந்த காட்டுமேலே ஒதுங்கி, எங்கள் வண்டியைக் கடந்தது. பின்குழியிலிருந்து ஒரு கை உயர்ந்து இறங்கிற்று. முன்குழி காலியாக இருந்தது.

பொதிமேல் குப்புறப் படுத்திருந்தவர் மெல்லத் தலையைத் தூக்கினார். “ஏனுங், ஆகாசத்துல அத்தனை எடம் கெடக்குது. அது எதுக்குங் நம்மளைப் பாத்து அக்கட்டால ஒதுங்குது?”

“வெறும் வண்டிங்க” என்றேன். மாட்டை ஓட்டினேன்.